மூன்று நாள் மாத்திரை மூன்று மாதம் ஓடினால் யார் பொறுப்பு?

மருத்துவமனை மருந்தகத்தில் இருபது வருடம் நின்றவள் நான். விளையாட்டுக் காயத்துக்குத் தரும் ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும்) வலி மாத்திரைகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கால்பந்தில் முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை ஆனது. மாத்திரை தந்தவர் டாக்டர். இப்போது விட முடியவில்லை. தப்பு அவர்மேல்தானே அக்கா? (உட்லண்ட்ஸ்)

பதில்: மாத்திரைப் பையை எடுத்துப் பாருங்கள் தம்பி. ‘வலி இருந்தால் மட்டும்’ என்று ஒட்டியிருக்கும். எப்போது நிறுத்துவது என்று யாராவது சொன்னார்களா? திடீர் வலிக்குப் பெரும்பாலும் 3 நாள் போதும், 7 நாளுக்கு மேல் அரிதாகத்தான் தேவைப்படும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016இல் சொன்னது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் நாள் கூடலாம். ஆனால் எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, எப்போது திரும்ப வருவது என்பதை முதல் சீட்டிலேயே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை என்றால் அது அவருடைய குறைதான். கோடீன் என்ற ஓபியாய்டு கலந்த இருமல் மருந்தைக் கணக்கில்லாமல் எழுதிக்கொடுத்த டாக்டர்களைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் இடைநீக்கம் செய்திருக்கிறது.

சரி, இன்னொன்று கேட்கிறேன். முதல் கிளினிக்கில் வாங்கியதை மறைத்து இரண்டாவது கிளினிக்கில் வாங்கினீர்களா? “அடுத்த வாரம் மேட்ச், இருபது மாத்திரை கூடப் போடுங்களேன்” என்று என் கவுண்டரில் கெஞ்சிய பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மறைப்பு உங்கள் கணக்கு. ஆனால் உங்கள் கணக்கு ஏறியதால் டாக்டர் கணக்கு இறங்காது. ஆளுக்குப் பாதி என்று பிரிக்க இது சாப்பாட்டு பில் இல்லை. உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது மட்டும் யாருடைய ஒழுக்கக் கேடும் அல்ல. சொன்னபடி விழுங்கினாலும் அது நடக்கும்.

கேள்வி: பெரிய வீரர்களுக்குச் சொந்த டாக்டரே இருக்கிறாரே, அவர்களுக்குமா இப்படி? (தெம்பனிஸ்)

பதில்: அணி டாக்டருக்குச் சம்பளம் அணி கொடுக்கிறது, சிக்கலே அங்கேதான். வீரன் ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டும் என்பது எல்லோருக்கும் அவசரம். ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ (பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்) வீரர் பிரெட் ஃபாவ்ர் 1996இல் வைகோடின் என்ற ஓபியாய்டு மாத்திரைப் பழக்கத்தை வெளியே ஒப்புக்கொண்டார். சக வீரர்களிடமும் மாத்திரை கேட்டு வாங்கினாராம். ஐஸ் ஹாக்கி வீரர் டெரெக் பூகார்ட் 2011இல் ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டும் மதுவும் சேர்ந்து 28 வயதில் இறந்தார். குடும்பம் லீக்மீது போட்ட வழக்கு 2017இல் தள்ளுபடியானது.

கேள்வி: மகள் போட்டிகளில் ஓடுகிறாள். டாக்டர் டிராமடால் எழுதியிருக்கிறார். பிரச்சினை வருமா? (செங்காங்)

பதில்: வரும். டிராமடாலும் ஓபியாய்டுதான். 2024 ஜனவரி 1 முதல் ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி போட்டி நேரத்தில் அதற்குத் தடை. ‘டாக்டர்தான் கொடுத்தார்’ என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. மருத்துவக் காரணம் இருந்தால் விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம். போட்டிக்கு ஓடுகிறவள் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உண்மையைச் சொன்னால் போலீசில் மாட்டிவிடுவாரோ? (பெயர் வேண்டாம்)

பதில்: மழுப்பாமல் சொல்கிறேன். கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளுக்கு ஒருவர் அடிமை என்று கருதினாலோ சந்தேகித்தாலோ, டாக்டர் 7 நாளுக்குள் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் சுகாதார அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆக்ஸிகோடோன் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தப் பயத்தால் பலர் வாயே திறப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். “என் நிலைமைக்கு அந்த விதி பொருந்துமா?” என்று முதலில் கேளுங்கள். சீட்டோடு வாங்கியதற்கும் தெருவில் வாங்கியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வாய் திறக்காமல் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடலாம். மதுவோடு சேர்த்தால் ஆபத்து இன்னும் கூடும்.

கேள்வி: அப்போ நாளைக்கே நிறுத்திவிடட்டுமா? (மறுபடி உட்லண்ட்ஸ்)

பதில்: வேண்டாம். மூக்கொழுகும், கொட்டாவி, வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்செறிதல் எல்லாம் ஓரிரு நாளில் தொடங்கிவிடும். தாங்காமல் திரும்ப விழுங்குவீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போங்கள், அவர் தட்டிக்கழித்தால் மனநலக் கழகத்தின் போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவுக்கு. அந்த மாத்திரைப் பையையும் கையோடு எடுத்துப் போங்கள், இரண்டாவது கிளினிக் பையையும் சேர்த்து.