சிலந்திப் பெட்டிக்குள் செடி

கேள்வி: டரான்டுலா சிலந்தி வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியில் வயல் வண்டலை நிரப்பிச் செடி நடலாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: வயல் மண் வேண்டவே வேண்டாம். அதில் தங்கியிருக்கக்கூடிய பூச்சிக்கொல்லி சிலந்திக்கும் நஞ்சு. தவிர, நம் டெல்டாக் களிமண் காய்ந்தால் பாளமாக வெடிக்கும். நன்கு அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவுடன் மருந்து படாத தோட்டமண்ணைக் கலந்து, வளை தோண்டும் இனமானால் அதன் கால்விரிப்பைவிட (கால்களை விரித்து நிற்கும்போதுள்ள அகலம்) ஆழமாக அழுத்தி நிரப்புங்கள். தரைவாழ் சிலந்தி உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து இறந்துவிடக்கூடும் என்பதால், மண்ணுக்கும் மூடிக்கும் இடைவெளி கால்விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்குள் இருக்கட்டும். மணி பிளான்ட் போதும். அது வேரூன்றிய பிறகே சிலந்தியை விடுங்கள். ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீரைக் குறைத்து, பக்கவாட்டுக் காற்றுத்துளைகளைத் திறந்தே வையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.