மூன்றாவது பசுவை வாங்குவதற்கு முன்

கேள்வி: யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஆறு பரப்பு வளவில் (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) இரண்டு ஜேர்சிக் கலப்புப் பசுக்களை வளர்த்து வருகிறேன். இரண்டும் சேர்ந்து நாளுக்கு ஒன்பது லீற்றர் பால் தருகின்றன. கொழுப்புக் குறைவு என்று பால் சேகரிப்பு நிலையத்தில் விலையைக் குறைக்கிறார்கள்; வருமானத்தில் பாதி தீன் மூட்டைக்கே போகிறது. மூன்றாவது பசு ஒன்றை வாங்கினால் கட்டுப்படியாகுமா? எருக்குவியல் கிணற்றடியில் இருப்பதால் தீங்கு உண்டா? வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருக்கிறது.

பதில்: குழந்தை இருப்பதால் கிணற்றைப் பற்றியே முதலில் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்கும் மழைநீரைத்தான் நாம் கிணற்றில் அள்ளுகிறோம். எருவிலும் சிறுநீரிலும் உள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறி, மாரி மழையோடு அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிஞ்சினால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாயக்கூடும். தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டாம்.

குவியலைக் கிணற்றிலிருந்து முப்பது மீற்றராவது தள்ளி, சீமெந்துத் தளமிட்டு, மழை படாமல் ஓலையால் மூடுங்கள். பலர் எருவை மூடிவிட்டுச் சிறுநீரை மறந்துவிடுகிறார்கள். மாடு கழிக்கும் நைதரசனில் ஏறக்குறைய பாதி சிறுநீரிலேயே போகிறது, அதுவே விரைவாக நிலத்துக்குள் இறங்குவதும். கொட்டில் தரையைச் சற்றுச் சரிவாக அமைத்து, கான் வழியாக ஒரு தொட்டியில் அதைச் சேர்த்து, தண்ணீர் கலந்து புல்லுக்கு ஊற்றுங்கள்.

அடுத்தது கொழுப்பு. நீங்கள் பால் கறக்கும் விதத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். முதலில் வரும் பால் நீர்த்திருக்கும். கடைசியாக மடியில் எஞ்சும் பாலிலேதான் கொழுப்பு மிகுதி. அவசரத்தில் கறப்பை இடையில் நிறுத்திக் கன்றை அவிழ்த்துவிட்டால், நிலையத்தில் உங்களுக்கு விலை பெற்றுத்தர வேண்டிய பால் கன்றின் வாய்க்குப் போய்விடுகிறது. பால் சுரப்பதற்குக் கன்றைச் சற்று ஊட்டவிட்டு, பிறகு கட்டி, மடி வற்றக் கறந்து, கன்றுக்கு உரியதை அளந்து கொடுங்கள். கறக்கத் தொடங்கும்போது முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பதும் நல்லது. திரள் தெரிந்தால் அது மடியழற்சி. கொழுப்பற்ற திண்மம், அதாவது பாலில் கொழுப்பு தவிர்ந்த புரதம் முதலியவை, குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கறப்பு சரியாக இருந்தும் கொழுப்பு ஏறாவிட்டால், குறை பெரும்பாலும் நார்த்தீனில்தான் இருக்கும். பால் கொழுப்புக்கான மூலப்பொருள் பசுவின் முதல் வயிறான அசையிரைப்பையில் நார் நொதிக்கும்போதே உருவாகிறது. புல்லைக் குறைத்து மூட்டைத் தீனைக் கூட்டக் கூட்டச் செலவு ஏறும், கொழுப்பு இறங்கும். 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளுக்கு 30 கிலோ பசும்புல் வேண்டும். நீர் பாய்ச்சி சீஓ-3 என்னும் கலப்பின நேப்பியர்ப் புல் வளர்த்து, 45 நாளுக்கு ஒருமுறை வெட்டினால், என் கணிப்பில் ஒரு பசுவுக்கு இரண்டு பரப்பு தேவைப்படும். வேலியில் சீமைக்கிளுவை நட்டால் பிண்ணாக்குச் செலவில் ஒரு பங்கு குறையும், ஏனெனில் அதன் இலை புரதம் மிகுந்தது. வெட்டிய இலையை ஒரு பொழுது வாடவிட்டுக் கொடுத்தால் மாடு மணத்தை ஒதுக்காமல் தின்னும். இவை வயிறு நிறையக் கிடைத்தால் நாலைந்து லீற்றர் பாலை இவற்றைக் கொண்டே பெரும்பாலும் கறக்கலாம். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு இரண்டரை லீற்றருக்கும் ஒரு கிலோ தீன் என்று கணக்கிட்டுக் கொடுங்கள்.

இப்போது மூன்றாவது பசுவைப் பற்றி. வீடும் கொட்டிலும் போக உங்கள் வளவில் நான்கு பரப்பு மிஞ்சினாலே பெரிது. அது இருக்கும் இரண்டுக்கே சரி. மூன்றாவது பசு முழுக்க மூட்டைத் தீனில்தான் வளரும். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணமும் கூடும், அதை வாங்கிக்கொள்ள நிலமிராது. வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு.

இருக்கும் பசுக்கள் காலத்தில் சினைப்படுகின்றனவா என்று பாருங்கள். வேட்கை, அதாவது பசு சினைப்படத் தயாராகும் பருவம், 21 நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் மூன்று வாரத் தீன் வீண். அறிகுறிகள் இரவிலும் விடியற்காலையிலுமே அதிகம் தெரிவதால், படுக்கப் போகுமுன் ஒருமுறை கொட்டிலுக்குப் போய்ப் பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு ஏற்ற நேரம். கன்று ஈன்ற நாள், வேட்கை கண்ட நாள், தினப் பால், தீன் செலவு ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். சீஓ-3 தண்டு எங்கே கிடைக்கும், பயிற்சி வகுப்பு எப்போது நடக்கும் என்பதையும் அங்கேயே கேட்டு அறியலாம். புல்லை ஐப்பசி மழை தொடங்கும்போது நடுங்கள். கிணற்று நீரை மாரி முடிந்த பின் மறுபடியும் ஒருமுறை பரிசோதியுங்கள்.