மஞ்சள் இலைக்கு யூரியாவா? கனகாம்பரம் கேள்வி-பதில்

டெல்லி கனகாம்பரத்தில் விதையே பிடிக்கவில்லை. கையால் மகரந்தம் தடவலாமா? (திண்டுக்கல்)

வீண் வேலை. அது டிரிப்ளாய்டு ரகம், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டது, விதை வைக்காது. கதிர் விடாத இளந்தண்டை நாலு கணு நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் ஈர மணலில் ஊன்றுங்கள். மாதத்தில் வேர் பிடிக்கும். மணலில் தண்ணீர் தேங்கக் கூடாது.

நாட்டு ரகத்தில் காய் இருக்கிறது, உள்ளே விதை இல்லை. (சேலம்)

நீங்கள் பார்த்தது வெறும் தோல். முற்றிய காயில் ஈரம் பட்டதும் வெடித்து விதை தெறித்துவிடும். கதிர் பழுப்பேறியதும், மழைக்கு முன்னால் வெட்டிக் காகிதப் பையில் போட்டுவையுங்கள்.

செடி வாடுது, என்ன மருந்து? (ஊர் இல்லை)

தொட்டியா தரையா? மண் ஈரமா காய்ந்ததா? ஒன்றும் சொல்லாமல் மருந்துப் பெயர் மட்டும் கேட்டால் எப்படி? விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர்தான் மருந்து. ஈரமாக இருந்தும் தலை தொங்கினால் வேர் அழுகியிருக்கும், பிடுங்கி எறியுங்கள். அதே மண்ணில் மறுபடி கனகாம்பரம் வைக்காதீர்கள்.

இலை மஞ்சளாகிறது. மூன்று முறை யூரியா போட்டும் மேலும் வெளுக்கிறது. (திருப்பூர்)

வெளுக்கத்தான் செய்யும். மஞ்சளைக் கண்டதும் யூரியா டப்பாவைத் தூக்குகிற பழக்கத்தை என்றைக்கு விடப்போகிறோமோ! முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இரண்டாவது. மண்ணில் இரும்பு இருக்கும். உப்பேறிய போர் தண்ணீரும், சுவரோரம் புதைந்த சிமெண்ட், சுண்ணாம்புக் கட்டியும் மண்ணைக் காரமாக்கி, அதை வேருக்கு எட்டாமல் பூட்டிவிடும். யூரியா புதுக்கொழுந்தைத் தள்ளுகிறது. அதற்கும் இரும்பு கிடைக்காததால் இன்னும் வெளுக்கிறது.

உரக்கடையில் பெர்ரஸ் சல்பேட், அதாவது அன்னபேதி, வாங்குங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்ததும் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒன்றாக மூன்று முறை போதும். அன்றன்று கரையுங்கள், செம்பழுப்பானால் கொட்டிவிடலாம். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது. வேரில் ஊற்றிப் பயனில்லை, காரமண் அதையும் பூட்டிவிடும். கட்டட இடிபாட்டைப் பொறுக்கி எடுத்து, மட்கிய தொழு உரம் சேர்த்து, செடியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். மழைநீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். தண்ணீர் தேங்கினாலும் இதே வெளுப்பு வரும், ஆகவே மறுபடியும்: விரலை விட்டுப் பாருங்கள்.

பூவில் மணம் வர எந்த உரம்? (மதுரை)

எதுவும் இல்லை. மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டுங்கள்.

மொட்டை மாடியில் கதிர் வருகிறது, பூ சிறுத்துக் கருகுகிறது. (வேலூர்)

மேற்கு வெயில். பிற்பகலில் நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். முழு நிழலுக்குப் போனால் பூ குறையும். 12 அங்குலத் தொட்டி, செம்மண் இரண்டு பங்கு, மணலும் தொழு உரமும் ஒவ்வொரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கீழிருந்து மேலாகப் பூத்து முடிந்த கதிரை, விதை வேண்டாமென்றால், உடனே நறுக்கிவிடுங்கள்.