அம்மா மலையில் நிற்கும்போது நான் எப்படிக் களைப்பு என்று சொல்வது?

கேள்வி: அக்கா, நான் தாதியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம். வீடு மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், அம்மா கொழுந்து எடுக்கிறார். காலையில் வார்டு, பின்னேரம் விரிவுரை, ராத்திரி படிப்பு, இடையில் நைட் டியூட்டி வந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். விரிவுரை இங்கிலீஷில், வார்டில் பேச்செல்லாம் சிங்களத்தில், இரண்டையும் விளங்கிக்கொண்டு முடிப்பதற்குள் அடுத்த வேலை வந்து நிற்கிறது. போன மாதம், நான் தினமும் உடம்பு துடைத்துவிட்ட ஒரு பாட்டி இறந்துவிட்டார். உடலை அனுப்பிய கையோடு அதே கட்டிலுக்கு விரிப்பு மாற்றச் சொன்னார்கள். கண் கலங்கியதைப் பார்த்த சிஸ்டர், "இதுக்கே அழுதா இந்த வேலைக்கு லாயக்கில்லை" என்றார். அன்றிலிருந்து வார்டுக்குப் போகவே பயம். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று என்னைப் படிக்க வைப்பவரிடம் என்னவென்று சொல்வது?
(பெயர் வேண்டாம், மஸ்கெலியா)

பதில்: தங்கச்சி, அந்தச் சிஸ்டர் சொன்னதை மனசிலிருந்து இறக்கி வையுங்கள். தினமும் தொட்டுத் துடைத்த ஒரு மனுஷி போனதற்குக் கண் கலங்குவது எந்த வேலைக்கும் லாயக்கில்லாத குணம் கிடையாது. உங்களை உலுக்கியது அந்த மரணம் மட்டும்தானா என்றும் யோசித்துப் பாருங்கள். அடுத்த நிமிஷமே விரிப்பை மாற்ற வைத்தார்களே, ஐந்து நிமிஷம் தள்ளி நிற்கக்கூட விடாமல், அதுதான் அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு பெரிய போதனா வைத்தியசாலையின் தாதியரை ஆராய்ந்து 1960இல் எழுதினார். நோயாளியைப் பெயர் சொல்லாமல் கட்டில் இலக்கத்தாலும் நோயாலும் குறிப்பிடுவது, ஒருத்தியை ஒரே நோயாளியோடு இருக்க விடாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, உணர்ச்சியை வெளிக்காட்டினால் அதட்டுவது, இதெல்லாம் பயத்தை மறைக்க அந்த இடமே கட்டிக்கொண்ட ஏற்பாடுகள் என்று கண்டார். ஆனால் பயம் குறையவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே போனார்கள், அதிலும் பெரும்பாலானோர் தாங்களாகவே விலகியவர்கள். உங்களை அதட்டிய சிஸ்டரையும் யாரோ ஒருத்தர் அப்படித்தான் அதட்டியிருப்பார்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் எனக்கு நெஞ்சை அடைத்த இடம் அதுதான். நாள் முழுக்க மலையில் நின்றும் எடுத்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர் என்று பாதி நாள் சம்பளம் மட்டும் போடுவார்களே, அந்தக் கணக்கைத்தான் நீங்கள் உங்களுக்கே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவின் களைப்பு பெரியது என்பதால் உங்களுடையது இல்லாமல் போகாது. அவரிடம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், "அம்மா, ஒரு பாட்டி செத்துட்டாங்க, கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். தோட்டத்தில் எத்தனை சாவு வீட்டில் நின்றவர் அவர், அவருக்கு விளங்காதா?

அப்புறம் தூக்கம். இதில் நான் கண்டிப்பானவள். விடியப்புறம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தாழ்ந்து கிடக்கும் நேரம், அப்போது மருந்து அளவு கணக்குப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அதில் வெட்கமே வேண்டாம். காலை ஏழு மணிக்கு டியூட்டி முடிகிறதென்றால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். தேத்தண்ணியில் தூக்கத்தை விரட்டும் கஃபீன் இருக்கிறது, அதில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், விடுதியில் போய்ப் படுத்தால் கண் மட்டும் மூடியிருக்கும். நைட் முடித்த பகலில் புத்தகம் தொடாதீர்கள், தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு பார்க்கலாம். படிப்பையும் வார்டையும் இரண்டு சுமையாகத் தூக்காமல், அன்று நீங்கள் பார்த்த ஒரே ஒரு நோயாளியின் டிக்கெட்டில், அதாவது வார்டில் அவருக்கு வைத்திருக்கும் நோய்க் குறிப்பில், உள்ள நோய், அவருக்குக் கொடுத்த மருந்து, ஏன் அந்த மருந்து, இதை மட்டும் ராத்திரி படியுங்கள். முகத்தோடு சேர்ந்து படித்தது எந்தப் பாஷையில் இருந்தாலும் மறக்காது.

பயிற்சிக்கு வந்த உங்களை ஆள் குறைந்த இடத்தையெல்லாம் நிரப்பப் போடுகிறார்கள் என்றால் அதை டியூட்டரிடம் சொல்லத்தான் வேண்டும். தனியாகப் போகாமல் பேட்ச் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, எந்தெந்த நாள் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். அழுகையோடு போனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள், எழுதிய தாளுக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

ஓய்வு நாளில் நன்றாகத் தூங்கியும் களைப்பு போகவில்லை, நோயாளி கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது, எதைச் செய்தாலும் பிரயோசனமில்லை என்று தோன்றுகிறது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதை வேலைச் சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் வைத்தியர் ஒருவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

கேள்வி: என் மகளும் நர்சிங் படிக்கிறாள். லீவில் வீட்டுக்கு வந்தால் பகல் முழுக்கத் தூங்குகிறாள், லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள்.
(ஒரு தகப்பன், லிந்துலை)

பதில்: அண்ணா, பேசுகிறவர்கள் பேசட்டும், பிள்ளை தூங்கட்டும். ஜன்னலுக்கு ஒரு தடித்த கம்பளியைத் தொங்கவிடுங்கள், ரேடியோவைக் குறைத்து வையுங்கள், தண்ணீர் எடுக்கவும் துணி துவைக்கவும் அவளை எழுப்பாதீர்கள், தம்பிமார் இருந்தால் அவர்கள் செய்யட்டும். எழுந்ததும் எத்தனை மார்க் என்று கேட்காமல் சோற்றைப் போட்டுக் கொடுங்கள்.