ஸ்பேம்அசாசின் கேள்வி பதில்: வடிகட்டி இருந்தும் குப்பை வருகிறதே?

சொந்தமாக லினக்ஸ் அஞ்சல் சர்வர் நடத்தும் கல்லூரிகளும் சிறு அலுவலகங்களும், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் பரிமாற்ற மென்பொருளுடன், அஞ்சலுக்கு மதிப்பெண் இட்டுக் குப்பையை (ஸ்பேம்) அடையாளம் காட்டும் ஸ்பேம்அசாசினை இணைத்துப் பயன்படுத்துவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஹெடரை (அஞ்சலின் தலைப்பகுதி வரிகளை) முழுமையாக இணைத்து அனுப்பியவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல முடிந்தது. "ஸ்பேம் வருகிறது, என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னால் அதிகம் உதவ இயலவில்லை.

கேள்வி (கல்லூரிக் கணினி மையப் பொறுப்பாளர்): ஆயிரக்கணக்கான ஸ்பேம் அஞ்சல்களை எஸ்ஏ-லேர்ன் கட்டளையால் கற்றுக்கொடுத்துவிட்டேன். ஆனாலும் அதே மாதிரி அஞ்சல்கள் தொடர்ந்து உள்ளே வருகின்றன.

பதில்: நீங்கள் அனுப்பிய ஹெடரில் எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்கள். பேய்ஸ் என்று தொடங்கும் விதி ஒன்றுகூட அதில் இல்லை. பேய்ஸ் என்பது, கற்றுக்கொடுத்த அஞ்சல்களின் சொற்களை வைத்துக் கணிக்கும் பகுதி. அது இயங்கியிருந்தால், அஞ்சல் நல்லதாயினும் கெட்டதாயினும், பேய்ஸ் 00 முதல் பேய்ஸ் 99 வரை ஏதேனும் ஒரு விதி அநேகமாக எல்லா அஞ்சலிலும் பதிவாகியிருக்கும். ஆகவே நீங்கள் கற்றுக்கொடுத்த பாடம் வடிகட்டியைச் சென்று சேரவே இல்லை.

நீங்கள் ரூட்டாக (சர்வரின் தலைமைப் பயனராக) நுழைந்து கட்டளையைக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் சொற்களின் தரவுத்தளம் ரூட்டின் வீட்டு அடைவில் உருவாகியிருக்கிறது. அஞ்சலை போஸ்ட்ஃபிக்ஸிடமிருந்து வாங்கி ஸ்பேம்அசாசினைக் கொண்டு சோதிக்கும் அமாவிஸ் என்ற மென்பொருளோ தனக்கென உள்ள பயனர் கணக்கில் இயங்கி, அந்தக் கணக்கின் அடைவில் உள்ள தரவுத்தளத்தை மட்டுமே படிக்கிறது. அமாவிஸ் பயனராக மாறி, எஸ்ஏ-லேர்னை டம்ப் மேஜிக் என்ற விருப்பத்துடன் ஓட்டிப் பாருங்கள். என்-ஸ்பேம் (கற்ற ஸ்பேம்), என்-ஹாம் (கற்ற நல்ல அஞ்சல்) என்ற இரு எண்கள் தெரியும். உங்கள் சர்வரில் இரண்டும் பூஜ்யமாகவோ அதற்கு அருகிலோ இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பயிற்சியை அதே பயனராக மீண்டும் நடத்துங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 200 ஸ்பேமும் 200 நல்ல அஞ்சலும் சேரும்வரை பேய்ஸ் வாய் திறக்காது. கெட்டதை மட்டும் கொட்டிக் கொடுத்துவிட்டு நல்லதைக் காட்டாமல் விட்டால் அது என்றுமே இயங்கத் தொடங்காது. ஆசிரியர்கள் சிலரிடம் அனுமதி பெற்று, அவர்களுடைய அன்றாடக் கடிதங்களை நல்ல அஞ்சலாகக் கற்றுக்கொடுங்கள். தமிழில் எழுதப்பட்டவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டுமே படித்த பேய்ஸுக்குத் தமிழ்ச் சொற்கள் எல்லாமே முன்பின் அறியாதவை. நல்லது என்று தள்ளுபடி கொடுக்க அதனிடம் எந்த ஆதாரமும் இராது.

கேள்வி (அச்சக உரிமையாளர்): தேவையான மதிப்பெண்ணை 5இலிருந்து 3ஆகக் குறைத்தேன். எந்த மாற்றமும் இல்லை.

பதில்: நீங்களும் அமாவிஸ் வழியாகவே ஸ்பேம்அசாசினை இயக்குகிறீர்கள். அமாவிஸ் ஸ்பேம்அசாசினிடம் மதிப்பெண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, தீர்ப்பைத் தன்னுடைய டேக்-2 என்ற எல்லை அளவை வைத்து எழுதுகிறது, லோக்கல்.சிஎஃப் என்ற ஸ்பேம்அசாசின் அமைப்புக் கோப்பில் நீங்கள் மாற்றிய எண்ணை அது பார்ப்பதே இல்லை. ஆனால் 3 என்பது மிகவும் குறைவு. விதிகளின் மதிப்பெண்கள் 5ஐ எல்லையாக வைத்துக் கணக்கிடப்பட்டவை. எல்லையைக் குறைத்தால் பிடிபடுவது ஸ்பேம் மட்டுமாக இராது. உங்கள் வாடிக்கையாளர்களின் விலைப்புள்ளிக் கடிதங்களும் சேர்ந்து பிடிபடும்.

கேள்வி (மென்பொருள் நிறுவன ஊழியர்): எல்லா அஞ்சலிலும் யூஆர்ஐபிஎல்-பிளாக்ட் என்ற விதி வருகிறது. எங்கள் அஞ்சலில் உள்ள இணைப்புகளை (லிங்க்) யாரோ தடைசெய்துவிட்டார்களா?

பதில்: தடைசெய்யப்பட்டது உங்கள் இணைப்புகள் அல்ல, உங்கள் சர்வர் கேட்ட கேள்வி. டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் சேவை) வழியாக இயங்கும் ஸ்பேம் தடைப் பட்டியல்கள், சிறிய அளவில் கேட்பவர்களுக்கு மட்டுமே இலவசமாகப் பதில் சொல்கின்றன. உங்கள் சர்வரின் டிஎன்எஸ் முகவரி 8.8.8.8 என்று இருக்கிறது. அந்தப் பொதுச் சேவை உலகம் முழுவதற்குமாகக் கேட்பதால், பட்டியல் நடத்துபவர்கள் அதற்குப் பதில் சொல்ல மறுக்கிறார்கள். விளைவாக, ஸ்பேம்அசாசினின் பலமான ஆயுதங்களில் பாதி உங்கள் சர்வரில் செயலிழந்து கிடக்கிறது.

அதே கணினியில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, வேறு எந்த டிஎன்எஸ் சேவைக்கும் கேள்வியை அனுப்பிவைக்காமல் அதுவே நேராகத் தேடும்படி அமைத்து, சர்வரின் டிஎன்எஸ் முகவரியை 127.0.0.1 என்று மாற்றுங்கள். பிறகு ஸ்பேம்ஹவுஸ் அமைப்பு நடத்தும் ஸென் என்ற தடைப் பட்டியலில் 127.0.0.2 என்ற சோதனை முகவரியைத் தேடுங்கள். வழக்கம்போல் எண்களைத் தலைகீழாக (2.0.0.127) எழுத வேண்டும். 127.0.0.2 என்பது பதில்களில் ஒன்றாக வந்தால் சரி. 127.255.255.254 என்று வந்தால் இன்னும் பொது டிஎன்எஸ் வழியாகவே கேட்கிறீர்கள் என்று பொருள். அஞ்சல் சர்வருக்குப் பொது டிஎன்எஸ் ஆகாது என்பதை இந்தப் பகுதியில் இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி (விடுதி நிர்வாகி): நேற்று முதல் ஓர் அஞ்சல்கூட உள்ளே வரவில்லை. லாக்கில் எல்லாமே ஸென் பட்டியலால் மறுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது.

பதில்: மேலே சொன்ன அதே நோய், இன்னும் கடுமையான வடிவில். பட்டியலிடமிருந்து எந்தப் பதில் வந்தாலும் மறுத்துவிடு என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். 127.255.255.254 என்பது "உனக்குப் பதில் சொல்ல மாட்டேன்" என்ற பிழைக் குறி. அதை உங்கள் சர்வர் "இவன் ஸ்பேமன்" என்று புரிந்துகொண்டது. டிஎன்எஸை மாற்றுங்கள். கூடவே, 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களுக்கு மட்டுமே மறுக்க வேண்டும் என்று வரம்பு கட்டுங்கள். மூடப்பட்ட பட்டியல்களையும் நீக்குங்கள்: 2006 டிசம்பரில் மூடப்பட்ட ஓஆர்டிபி பட்டியல், 2008 மார்ச்சில் கேட்ட முகவரிகளுக்கெல்லாம் "ஆம், ஸ்பேம்" என்று சொல்லத் தொடங்கியது. அதை அகற்ற மறந்திருந்த சர்வர்கள் நல்ல அஞ்சலையெல்லாம் திருப்பி அனுப்பின.

கேள்வி (கணக்குத் தணிக்கை அலுவலகத்தின் சர்வர் பொறுப்பாளர்): 10 மதிப்பெண்ணைத் தாண்டியதை நான் எவருக்கும் தெரிவிக்காமல் நேராக அழித்துவிடுகிறேன். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. உங்கள் கருத்து?

பதில்: தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். குறை வராததற்குக் காரணம், தொலைந்த கடிதம் தொலைந்தது என்று இரு தரப்புக்கும் தெரியாததுதான். அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று நம்புகிறார். பெற வேண்டியவர் அனுப்பவே இல்லை என்று நினைக்கிறார். ஸ்பேம் ஒன்று உள்ளே வந்தால் ஒருவர் ஒரு நொடியில் அழித்துவிடுவார். வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாளில் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய ஆவணம் தொலைந்தால் அதை யார் ஈடுசெய்வது?

மதிப்பெண் 10ஐத் தாண்டினால் நல்லதாக இருக்கவே முடியாது என்பதும் சரியன்று. 2010 ஜனவரி 1ஆம் தேதி, உலகெங்கும் ஸ்பேம்அசாசின் நல்ல அஞ்சல்களுக்கும் 3 புள்ளிக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தது. 2010 என்பதைத் தொலைதூர எதிர்கால ஆண்டாகக் கருதி எழுதப்பட்ட பழைய விதி ஒன்று, அந்த ஆண்டு பிறந்த பிறகும் நீக்கப்படாமல் இருந்ததே காரணம். பொல்லாத ஒரு விதியோடு கவனக்குறைவான அஞ்சல் மென்பொருளும், ஒரே படமாக அனுப்பப்பட்ட உள்ளடக்கமும் சேர்ந்தால் 10 என்பது எட்டாத உயரம் அல்ல.

அதே பொறுப்பாளர்: அஞ்சல் நெறிமுறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5321 ஆவணமே சில சமயம் அறிவிக்காமல் கைவிடலாம் என்று அனுமதிக்கிறதே?

பதில்: அனுமதிக்கிறது, ஆனால் அந்த அஞ்சல் மோசமான ஏமாற்று அல்லது வேறு வகையில் தகாதது என்பதில் மிக உறுதியான நம்பிக்கை இருந்தால் மட்டுமே என்ற நிபந்தனையோடு. அதே ஆவணம், 250 என்று பதில் சொல்லி அஞ்சலை ஏற்றுக்கொண்ட சர்வர், அதைக் கொண்டுசேர்க்கவோ சேர்க்க முடியவில்லை என்று தெரிவிக்கவோ கடமைப்பட்டது என்கிறது. விலக்கைப் பிடித்துக்கொண்டு விதியை விட்டுவிடக் கூடாது. பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்கிக் கிணற்றில் போடுவதற்கும் நீங்கள் செய்வதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

கேள்வி (வேறொரு வாசகர்): அப்படியானால் ஸ்பேம் என்று தெரிந்ததும் அனுப்பியவருக்கு அறிவிப்புக் கடிதம் அனுப்பலாமே?

பதில்: கூடாது. ஸ்பேமில் உள்ள அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. உங்கள் அறிவிப்பு சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியை நிரப்பும். சில நாளில் உங்கள் சர்வரே தடைப் பட்டியலில் ஏறும். நான் சொல்வது வேறு. இணைப்பு திறந்திருக்கும்போதே, 250 சொல்வதற்கு முன்பே, மில்டர் (போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலை ஏற்கும் முன் கலந்துகொள்ளும் சோதனை நிரல்) வழியாகச் சோதித்து 550 என்று மறுத்துவிடுங்கள். அப்போது அறிவிப்பு எழுதுவது எதிர்முனைச் சர்வரின் பொறுப்பு. உண்மையான மனிதர் அனுப்பியிருந்தால் அவருக்குத் தெரியவரும், அவர் தொலைபேசியில் அழைப்பார். ஸ்பேம் கருவி அனுப்பியிருந்தால் எவருக்கும் எதுவும் போகாது.

கேள்வி (அதே வாசகர்): மறுத்தால், இந்த முகவரி இருக்கிறது என்று ஸ்பேமருக்குக் காட்டிக்கொடுத்துவிடுவோமே?

பதில்: பெறுநர் முகவரியைச் சொன்ன கட்டத்திலேயே உங்கள் சர்வர் "சரி" என்று சொல்லிவிட்டது. காட்டிக்கொடுக்க அதன்பிறகு எதுவும் மீதமில்லை.

கேள்வி (முன்னாள் மாணவர் சங்கச் செயலர்): எங்கள் சங்க முகவரிக்கு வருவதை உறுப்பினர்களின் சொந்த சர்வர்களுக்கு முன்னனுப்புகிறோம் (ஃபார்வர்ட்). அவர்கள் 550 சொன்னால் எங்கள் சர்வரல்லவா போலி முகவரிகளுக்கு அறிவிப்பு அனுப்ப நேர்கிறது?

பதில்: இந்த விவாதத்தில் எனக்கு எதிராக எழுப்பத்தக்க சரியான தடை இதுதான். முன்னனுப்பும் சர்வரிலிருந்து வருவதை மறுக்கக் கூடாது. பெறும் பக்கத்தில், உங்கள் சர்வரின் முகவரியை, நம்பகமான சர்வர்களைக் குறிக்கும் டிரஸ்டட் நெட்வொர்க்ஸ் வரியில் சேர்க்க வேண்டும். அப்போது ஸ்பேம்அசாசின் உங்களைத் தாண்டி, உங்களுக்குக் கொடுத்த சர்வரைத் தடைப் பட்டியலில் தேடும். மில்டரிலும் அந்த முகவரிக்கு விலக்கு கொடுத்து, அதிக மதிப்பெண் பெற்றதை ஜங்க் அடைவில் போடச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்திலும், முன்னனுப்பும் முன்பே சோதனை நடக்கட்டும்.

கேள்வி (தணிக்கை அலுவலகப் பொறுப்பாளர்): சரி, மாற்றிக்கொள்கிறேன். எங்களிடம் அமாவிஸ் வரிசைக்குப் பின்னால் இருக்கிறது, மில்டர் இல்லை.

பதில்: மகிழ்ச்சி. அந்த அமைப்பில் அமாவிஸ் பார்க்கும்போது அஞ்சல் ஏற்கெனவே ஏற்கப்பட்டுவிட்டது. எனவே மறுக்கும் தேர்வு உங்களுக்குப் பொருந்தாது. ஸ்பேமின் இறுதி முடிவைக் குறிக்கும் வரியில் டிஸ்கார்ட் என்பதைப் பாஸ் என்று மாற்றுங்கள். அஞ்சல் பெட்டிகளைப் பராமரிக்கும் டவ்காட்டின் சீவ் என்ற வகைபிரிக்கும் விதியில், எக்ஸ்-ஸ்பேம்-ஃபிளாக் யெஸ் என்று இருப்பதை ஜங்க் அடைவுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அந்த ஹெடர் தென்படவில்லை என்றால் அமாவிஸின் உள்ளூர் டொமைன் பட்டியலைப் பாருங்கள். அதில் உங்கள் டொமைன் இல்லையெனில் ஹெடரே சேராது. ஜங்க் அடைவு என்று ஒன்று இருப்பதை ஊழியர் ஒவ்வொருவருக்கும் நேரில் காட்டுங்கள்.

கேள்வி (பள்ளி அலுவலர்): ஸ்பேம்ஹவுஸ் விதிகள் ஒன்றுமே வேலை செய்வதில்லை. டிஎன்எஸ் 1.1.1.1.

பதில்: எண் மாறினாலும் அதுவும் பொது டிஎன்எஸ்தான். அன்பவுண்ட் பற்றிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சிற்றிதழ் ஆசிரியர்): தமிழில் வரும் கடன் விளம்பரங்களுக்கு விதி எழுதினேன். சில அஞ்சல்களை மட்டும் பிடிக்கிறது.

பதில்: நல்ல கேள்வி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள். ஸ்பேம்அசாசின் விதிகள் பைட்டுகளையே ஒப்பிடுகின்றன. எனவே சதுர அடைப்புக்குள் பல எழுத்துகளை அடுக்கினால், அவை துண்டு துண்டான பைட்டுகளாகப் பிரிந்து தவறான இடங்களில் பொருந்தும். வளைவு அடைப்பில் நிமிர்கோடு போட்டுப் பிரித்து எழுதுங்கள். சொல் எல்லையைக் குறிக்கும் குறியும் தமிழ் எழுத்தின் பக்கத்தில் எதிர்பார்த்தபடி நடக்காது, விட்டுவிடுங்கள்.

அடுத்தது, சொல்லின் வடிவம். "கடன்" என்று புள்ளியோடு எழுதினால் "கடனுக்கு", "கடனை" ஆகியவை தப்பிவிடும். "கடன" என்று புள்ளியில்லாமல் எழுதினால் எல்லாம் பிடிபடும், ஏனெனில் ன் என்பது கணினிக்குள் ன-வும் அதன்பின் புள்ளியும்தான். "வட்டியில்லாக் கடன்" என்று ஒற்றோடு எழுதுபவரும் உண்டு, ஒற்றில்லாமல் எழுதுபவரும் உண்டு. க்-ஐ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்படி வைக்க வேண்டும். "கொடுக்கிறோம்" என்பதில் கொ-வைச் சில விசைப்பலகைகள் ஒற்றை ஒகரக் குறியாலும், வேறு சில ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதுகின்றன. கண்ணுக்கு ஒன்றேபோல் தெரிந்தாலும் பைட்டுகள் வேறு, இரண்டையும் எழுதுங்கள். இவ்விதிக்கு 1 மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்காதீர்கள். கூட்டுறவு வங்கியும் கடனைப் பற்றித்தான் எழுதும்.

கேள்வி (மருந்துக் கடை உரிமையாளர்): எங்கள் டொமைன் முழுவதையும் வெள்ளைப் பட்டியலில் சேர்த்தேன். இப்போது எங்கள் பெயரிலேயே ஸ்பேம் வருகிறது.

பதில்: அனுப்புநர் பெயரை எவரும் எழுதலாம், நீங்கள் அதற்கு 100 மதிப்பெண் தள்ளுபடியும் கொடுத்துவிட்டீர்கள். அந்த வரியை நீக்குங்கள். அவசியமென்றால், அஞ்சல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சோதனையில் தேறினால் மட்டும் சலுகை தரும் வகையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (பலர்): எஸ்ஏ-லேர்ன் கொடுத்தும் பயனில்லை.

பதில்: எந்தப் பயனராகக் கொடுத்தீர்கள்? முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (மாணவர்): புதிதாகத் தொடங்குகிறேன். ஸ்பேம்அசாசினுக்குப் பதிலாக ஆர்ஸ்பேம்டி என்ற வடிகட்டி நல்லதா?

பதில்: புதிய சர்வரென்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வேகமானது, மில்டராகவே இயங்குவதால், இயல்பமைப்பில் 15ஐத் தொட்டதை இணைப்பின்போதே மறுக்கும், 6ஐத் தொட்டதற்கு ஹெடர் மட்டும் சேர்க்கும். நான் மேலே வாதாடிய ஒழுங்கு அதில் தொடக்கத்திலேயே இருக்கிறது. டிஎன்எஸ் எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

கேள்வி (துணிக்கடை மேலாளர்): நாங்கள் அனுப்பும் அஞ்சல் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போகிறது.

பதில்: அது உங்கள் வடிகட்டியின் வேலை அல்ல. அனுப்புவது நீங்கள்தான் என்று பெறும் சர்வருக்குக் காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், தலைகீழ் டிஎன்எஸ் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். கூகுள் தன் அனுப்புநர் வழிகாட்டுதல்களில் 2024 பிப்ரவரி முதல் எவையெல்லாம் கட்டாயம் என்று தெளிவாகப் பட்டியலிட்டிருக்கிறது.

கேள்வி (கட்டுமான நிறுவன ஊழியர்): பெரிய படங்களோடு வரும் ஸ்பேமில் மட்டும் ஸ்பேம்அசாசின் ஹெடரே இல்லை. அஞ்சலை ஸ்பேம்அசாசினிடம் கொடுக்க ஸ்பேம்சி என்ற நிரலைப் பயன்படுத்துகிறோம்.

பதில்: ஸ்பேம்சி, தனியாக எதுவும் சொல்லாவிட்டால், 500 கேபிக்கு மேற்பட்ட அஞ்சலைச் சோதிக்காமல் அப்படியே விட்டுவிடும். எஸ் என்ற விருப்பத்தால் அந்த அளவை உயர்த்தலாம். முதலில் 1 எம்பிக்கு உயர்த்தி, நினைவகமும் நேரமும் எவ்வளவு கூடுகின்றன என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு மேலே போங்கள். உங்களுக்கு வரும் வரைபடக் கோப்புகளும் பெரியவை என்பதால், ஒரேயடியாக உயர்த்தினால் காலை நேரத்தில் வரிசை தேங்கும்.