காட்னிஸ் சோர்ந்து கிடக்கக் கூடாதா?

கேள்வி: நான் பிளஸ் ஒன் மாணவி. கோடை விடுமுறையில் ஐந்து ஆங்கில இளையோர் நாவல்கள் படித்தேன். 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' படித்து இரவெல்லாம் அழுதேன், ஐந்து நட்சத்திரம். 'ஹங்கர் கேம்ஸ்' முதல் இரண்டு பாகங்கள் அருமை. மூன்றாவதான 'மாக்கிங்ஜே' படுமோசம். வீராங்கனை காட்னிஸ் மருந்து மாத்திரையோடு மூலைக்கு மூலை ஒளிந்து கிடக்கிறாள். 'தி அவுட்சைடர்ஸ்' ஒரு நட்சத்திரம்தான். எங்கள் வயதைப் பற்றிப் பெரியவர்கள் எழுதினால் இப்படித்தான் செயற்கையாக இருக்கும். இதை விமர்சனமாக வெளியிடுவீர்களா?
- வாசகி, திருச்சி.

பதில்: இப்படியே என்றால் மாட்டேன்.

முதலில் அந்த ஒற்றை நட்சத்திரம். 'தி அவுட்சைடர்ஸ்' எழுதிய எஸ்.ஈ. ஹின்டன், அமெரிக்காவின் டல்சா நகரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. 1967இல் புத்தகம் வெளிவந்தபோது 18. நீங்கள் சாடுகிற அந்தப் 'பெரியவர்' உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்! பையன்களின் தெருச்சண்டையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்கள் என்று பதிப்பகத்தார் அஞ்சினார்கள். சூசன் எலோய்ஸ் என்ற பெயர் இரண்டு எழுத்தாகச் சுருங்கியது அதனால்தான். தன் வயதுக்காரர்களின் நிஜ வாழ்க்கையைச் சொல்லும் நாவல்கள் இல்லையே என்ற எரிச்சலில்தான் அவர் எழுதவே உட்கார்ந்தார். அதாவது, உங்கள் புகார்தான் அவருடைய புகாரும்.

செயற்கையாகத் தோன்றியதில் உங்களைக் குறைசொல்ல மாட்டேன். கத்தியோடு திரியும் கூட்டத்தைச் சேர்ந்த பையன்கள் சூரியோதயம் பார்த்தபடி ராபர்ட் ஃபிராஸ்ட் கவிதை சொல்வது எனக்கும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அது பதினாறு வயதுக்கே உரிய மிகை. அதைப் பெரியவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்து 'மாக்கிங்ஜே'. (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த இரண்டு பத்திகளையும் தாண்டிவிடலாம்.) ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்காக இரண்டு முறை கொலைக்களத்தில் இறக்கிவிடப்பட்டவள், சொந்த ஊர் எரிந்து சாம்பலானதைப் பார்த்தவள், 17 வயதுப் பெண். அவள் எப்படி இருப்பாள் என்று எதிர்பார்த்தீர்கள்? மூன்றாம் முறையும் வில்லைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக வர வேண்டுமா? அவளை அப்படிக் காட்டத்தான் கதைக்குள்ளேயே ஒரு கிளர்ச்சிக் கூட்டம் ஒப்பனை போட்டு, வசனம் எழுதிக் கொடுத்து, பிரசாரப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்பது அந்தப் படத்தை. நாவலை எழுதிய சுசான் காலின்ஸ் காட்டுவது படப்பிடிப்பு முடிந்த பிறகு இருக்கும் பெண்ணை. காலின்ஸின் தந்தை விமானப்படை அதிகாரி. அவர் வியட்நாம் போருக்குப் போனபோது மகளுக்கு ஆறு வயது. போர் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காலின்ஸ் எழுதாததில் வியப்பில்லை.

கடைசிப் பகுதியில் அந்தப் பூனை வரும் இடத்தை மறுபடி படியுங்கள். தங்கை ப்ரிம்மின் பூனை அது. காட்னிஸுக்கு அதை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. குட்டியாக இருந்தபோது வாளித் தண்ணீரில் அமுக்கிக் கொல்லப் பார்த்தவள். ப்ரிம் செத்த பிறகு, அவளைத் தேடிக்கொண்டு அது அவ்வளவு தூரம் தாண்டி வீட்டுக்கு வந்து நிற்கிறது. "அவள் இல்லை, செத்துவிட்டாள்" என்று காட்னிஸ் பூனையைப் பார்த்துக் கத்துகிறாள், விரட்டுகிறாள். பிறகுதான் அழுகையே வருகிறது. புத்தகம் முழுக்க உறைந்து கிடந்தவள் உடைகிற இடம் அது. முந்தைய சோர்வெல்லாம் இல்லாவிட்டால் இந்தக் காட்சிக்கு ஏது பலம்? உங்கள் கடிதத்தில் பூனையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

நீங்கள் சொல்லாமல் விட்ட நியாயமான குறை ஒன்றும் உண்டு. தலைநகரம் விழுகிற கட்டத்தில் காட்னிஸ் தீக்காயத்தோடு நினைவிழந்து கிடக்கிறாள். கண் விழிக்கும்போது போர் முடிந்திருக்கிறது. கதை முழுவதையும் அவள் வாயாலேயே சொல்ல வைத்ததற்குக் காலின்ஸ் கொடுத்த விலை அது. இதைப் பிடித்திருந்தால் 'படுமோசம்' என்பதற்குக்கூடக் கொஞ்சம் எடை வந்திருக்கும்.

ஐந்து நட்சத்திர நாவலுக்கு வருவோம். அழுதது தப்பில்லை. ஆனால் எங்கே அழுதீர்கள்? புற்றுநோயோடு போராடும், அழகழகாகப் பேசும் அகஸ்டஸ், நள்ளிரவில் பெட்ரோல் பங்கில், காருக்குள் வாந்திக்கு நடுவே கிடக்கிறான். ஆம்புலன்சைக் கூப்பிடாதே என்று காதலி ஹேசலிடம் கெஞ்சுகிறான். ஒரு சிகரெட் பாக்கெட்டையாவது தானே போய் வாங்கிவிட வேண்டும் என்று வண்டியை எடுத்தவன். நாவலை எழுதிய ஜான் கிரீன் எழுத்தாளராவதற்கு முன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பணியில் இருந்தவர். அந்த அனுபவம் இந்த இடத்தில் தெரிகிறது. காதல் வசனங்களைவிட எனக்கு இதுதான் பெரிது. உங்களுக்கு வசனங்கள்தான் பெரிது என்றால் அதையே வாதாடுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தில் ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்றே எழுதலாம். எந்தக் காட்சி, அங்கே யார் என்ன செய்கிறார், அது ஏன் ஒட்டவில்லை என்பது இருக்க வேண்டும். 'அவுட்சைடர்ஸ்' என்றால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. ஹின்டனோடு சண்டை போட உங்களுக்கு வயதும் சரியாக இருக்கிறது.