போலீஸ் இல்லாத நீதிபதிகள்

வணக்கம் சார்,

இடைக்கால யூதர்கள் ஊர்ப் பிரச்சினை, சொத்துத் தகராறு எல்லாவற்றையும் தூரத்து ரபிகளுக்கு (யூத மதச் சட்டம் கற்ற அறிஞர்களுக்கு) எழுதிக் கேட்டுத் தீர்த்துக்கொண்டார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். பார்சிலோனாவில் இருப்பவர் எழுதும் பதிலை வேறு ஊர்க்காரர் ஏன் மதிக்க வேண்டும்? எங்கள் பக்கம் பாகப்பிரிவினையில் கோர்ட் தீர்ப்பையே வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள்.

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

ரபியிடம் அதிகாரம் இல்லைதான். ஆனால் கேள்வியை அனுப்பியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் நீதிபதிகள், சமூகத் தலைவர்கள். பதிலை நிறைவேற்றுவது அவர்கள் பாடு. மீறினால் ‘ஹேரெம்’ போட்டுத் தள்ளிவைப்பார்கள். கொடுக்கல் வாங்கல் கிடையாது, ஜெபத்தில் சேர்க்க மாட்டார்கள். ஒரு சிறிய சமூகத்தில் அதைத் தாங்கிக்கொண்டு வாழ்வது லேசில்லை.

நீங்கள் சொத்து என்று கேட்டதால் ஒரு வழக்கைச் சொல்கிறேன். இன்று தெற்கு பிரான்ஸில் இருக்கும் பெர்பிஞான் நகரிலிருந்து, பார்சிலோனாவின் ரபி ஷ்லோமோ இப்ன் அத்ரெத்துக்கு (1235–1310) போன கேள்வி அது. ‘ரஷ்பா’ என்பார்கள் அவரை. ஆயிரக்கணக்கில் பதில்கள் எழுதியவர். ஒருவர் சீதனம் கொடுத்து மகளைக் கட்டிக்கொடுத்தார். அவள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்தாள். பிறகு அந்தக் குழந்தையும் போய்விட்டது. யூதச் சட்டப்படி மனைவியின் சொத்து கணவனுக்கு. ஆனால் பெண்ணின் தகப்பன், ‘ஊரார் எல்லாரும் நாட்டுச் சட்டப்படிதான் நடக்கிறார்கள், சீதனத்தைத் திருப்பிக் கொடு’ என்று யூதரல்லாதாரின் நீதிமன்றத்துக்குப் போனார்.

ரஷ்பா கொதித்துப்போனார். ‘அரசனின் சட்டமும் சட்டம்’ என்ற யூத விதியை இதற்கு இழுப்பவன் கொள்ளைக்காரன், அப்புறம் நம் புனித நூல்கள் எதற்கு என்று எழுதினார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. தனி அரசில்லாத மக்களுக்குச் சொந்தச் சட்டம் போய்விட்டால் என்ன மிஞ்சும்? ஆனாலும் மகளையும் பேத்தியையும் பறிகொடுத்த அந்த மனிதர் பக்கம்தான் என் மனசு போகிறது. அவர் குறை நியாயமானது என்பதற்கு ஸ்பெயினின் டொலிடோ நகரமே சாட்சி. மனைவி இறந்தால் பாதிதான் கணவனுக்கு, மீதி அவள் பிள்ளைகளுக்கு, பிள்ளை இல்லையென்றால் அவள் பிறந்த வீட்டு வாரிசுகளுக்கு என்று அந்த ஊர் யூதர்கள் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். வெளி நீதிமன்றத்துக்குப் போகாமல், சமூகமே கூடித் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

பதிலை மதிக்காமலும் இருந்திருக்கிறார்கள். அதற்கு ஐரோப்பா வரை போக வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்த ரபி தாவீது இப்ன் ஸிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி போனது. இங்கே சுமார் 900 குடும்பங்கள், அதில் 100 குடும்பத்தார் தாங்களே வம்சத்து யூதர்கள் என்கிறார்கள். மற்றவர்கள் வசதியும் பக்தியும் தர்ம சிந்தனையும் உள்ளவர்கள், ஆனாலும் அடிமைகள் என்று சொல்லி அவர்களோடு சம்பந்தம் வைப்பதில்லை, ஓயாத சண்டை, என்ன செய்வது? முறைப்படி நீரில் முழுக்காட்டி, அடிமைத்தனத்திலிருந்து விடுவித்துவிட்டால் அவர்களும் முழு யூதர்களே, தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்று அவர் பதில் எழுதினார். பிறகு எகிப்தின் இன்னொரு ரபி யாக்கோபு காஸ்ட்ரோவும் அதையே சொன்னார்.

நல்ல பதில். ஆனால் சபையைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்கவில்லை. தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தால், யார் யாரைத் தள்ளிவைப்பது? விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் கொச்சியின் மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில் 20ஆம் நூற்றாண்டு வரை வெளிமண்டபத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாகிரகம் செய்து போராடிய பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இடம் கிடைத்தது.